விடிந்ததும் வருகிற அம்மா

மாதாலிகி கிராமம், ஹாஅபாய் தீவுகள், டோங்கா
மார்ச் 4

கலோலைனேவுக்கு,

நம்மை இந்த வாரம்வரை நடத்திக் கொண்டுவந்த ஆண்டவருக்குத் தோத்திரம். ஆஸ்திரேலிய வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? திராட்சைத் தோட்டத்தில் நிழலே கிடையாது என்று கேள்வி. தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்க மாட்டாய் என்பதால் நானே சொல்லிவிட்டேன்.

போன வாரக் கப்பலில் வந்து உங்கள் வீட்டில் இறங்கினேன். வாசலில் நின்று, "டோகிலுபே, அத்தை வந்திருக்கேன் பாரு" என்றேன். உன் மகள் தலையைத் திருப்பவில்லை. நாலு வயதில் நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தை செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும். இவள் மடியில் நீ பிப்ரவரியில் கொடுத்தனுப்பிய அந்தக் கண்ணாடிப் பலகை. வாய் பிளந்திருக்கிறது. வாயோரம் மரவள்ளிக்கிழங்கு காய்ந்து ஒட்டியிருக்கிறது. தம்பி சதெகி கரண்டியை நீட்டினால் பார்க்காமலே விழுங்குகிறாள். கிழங்கா மீனா என்று கேட்டால் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள். எப்போதாவது பேசினால் ஏதோ கார்ட்டூன் முயல் மாதிரி மூக்கால் பேசுகிறாள். தூங்குவதும் இல்லை. பாயில் படுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே கிடக்கிறாள்.

என் தம்பியைக் கேட்டேன். "அது கையில இருந்தா அழ மாட்டேங்குறாக்கா. நான் தோட்டத்துக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் பாலர் பள்ளி நடத்தியவள். அழாத பிள்ளையைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

நர்ஸிடம் கூட்டிப் போனேன். நாள் முழுக்கப் பார்த்தால் கண் கெடும், தூக்கம் கெடும், பேச்சு தள்ளிப்போகும் என்றாள். பலகையை என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் கழுத்தில். நான் இங்கேயே தங்கப்போகிறேன். சதெகி முறைப்படி படுக்கையைச் சமையல் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டான். அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் படுக்கிற அளவுக்கு நாம் இன்னும் கெட்டுப்போகவில்லை.

இதற்கு மேலும் காரணம் உண்டு. எழுத வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைக்குச் சொல்ல நினைப்பதைக் கடிதமாக எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். சிக்னல் கிடைக்கும் என்று கல்லறை மேட்டில் ஏறி நின்று போனில் கத்துகிற வேலை எனக்கு ஆகாது. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆண்டவர் உன் கைகளுக்குப் பலம் தரட்டும்.

லெசியேலி


மில்டூரா, ஆஸ்திரேலியா
மார்ச் 22

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டி சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்கிறேன். குணமானால்தானே கப்பல் ஏறி உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போக முடியும்.

புருஷனின் அக்காவோடு பேசும்போது தரையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று என்னை வளர்த்தார்கள். இதையும் தங்கும் விடுதியில் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. இப்போது கேட்கிறேன்: என் பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுத்ததைப் பூட்டி வைக்க நீங்கள் யார்?

யார் என்று தெரியும். அத்தை. அவளுக்குப் பெயர் வைத்தது நீங்கள், முதல் முடி இறக்கியது நீங்கள், நாளைக்குக் கல்யாணத்தில் மேலே உட்காரப்போவதும் நீங்கள். பெற்ற குற்றத்துக்கு நான் ஓரமாக நிற்க வேண்டியவள். ஞாயிற்றுக்கிழமை போனில் சதெகியிடம் அழுதேன். "அக்கா சொன்னா சரிதான் கலோ" என்றார்.

புயல் கொண்டுபோன கூரையைத் திரும்பப் போடத்தான் இங்கே வந்து கிடக்கிறேன், ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. முதல் சம்பளத்தில் காலுக்கு பூட்ஸ்கூட வாங்காமல் அந்த டேப்லெட்டை வாங்கினேன். அதில் கார்ட்டூன் மட்டுமா இருக்கிறது? நான் இருக்கிறேன். மற்றப் பெண்கள் கதவைத் தட்டத் தட்டக் குளியலறையில் உட்கார்ந்து எனக்கு நானே பாடிப் பதிவு செய்து அனுப்பினேன். ஊட்டிவிடுகிற மாதிரி ஒன்று, தலை பின்னிவிடுகிற மாதிரி ஒன்று, தூங்கவைக்கிற மாதிரி ஒன்று. இத்தனை தூரத்திலிருந்து நீளுகிற கை எனக்கு அது ஒன்றுதான். அதை நறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டீர்கள்.

கண் கெட்டுவிடுமாம். உங்கள் வீட்டு டிவியில் ரக்பி ஓடும்போது யார் கண்ணும் கெடவில்லையே? அக்காவோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று உங்கள் தம்பி ஜன்னலுக்கு வெளியே கொசுக்கடியில் நின்று "இப்ப யாரு முன்னாடி இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாரே. அப்போது எந்த நர்ஸைக் கூப்பிட்டீர்கள்?

சரி. நாள் முழுக்கப் பார்ப்பது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கார்ட்டூனையெல்லாம் அழித்துவிடுங்கள். படுக்கப் போகும்போது அந்தத் தூக்கப் பதிவை மட்டுமாவது காட்டுங்கள். அது இல்லாமல் அவளால் தூங்க முடியாது.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள (இப்படித்தான் எழுத வேண்டுமாம்),
கலோலைனே


மாதாலிகி
ஏப்ரல் 9

கலோலைனேவுக்கு,

உன் சுகம் அறிந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். உன் நாக்கும் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறது.

காட்ட மாட்டேன். கார்ட்டூனைக்கூட ஒரு நாள் காட்டுவேன். நீ கேட்கிற அந்தப் பதிவை நான் உயிரோடு இருக்கும்வரை காட்ட மாட்டேன். ஏன் என்று கேட்காதே.

பூட்டின அன்று வீட்டைக் கூரையோடு பெயர்த்துவிடுவாள் என்று நினைத்தாய் அல்லவா? நானும் நினைத்தேன். அவள் அழவே இல்லை. பெட்டிக்கு எதிரே வந்து காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். எழுந்திரு என்றால் எழுந்தாள். தின்னு என்றால் தின்றாள். திரும்பவும் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். வாரக்கணக்கில் அப்படித்தான். இப்போது போன புதன்கிழமை, கடல் வற்றியிருந்த நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பின்னால் பாறைமேட்டுக்குப் போனாள். பாவாடை நிறையச் சிப்பியோடு வந்தாள். "அத்தை, நண்டு என்னைப் பாத்து ஓடிடுச்சு" என்றாள். சொந்த மூக்கால், சொந்தக் குரலில். இரண்டு கிண்ணம் மீன் தின்றாள். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன், இருக்காது என்று தெரிந்தும்.

பிள்ளைக்கு எழுது என்று சொன்னேன். நீ எனக்கு எழுதியிருக்கிறாய். "நீங்கள் யார்" என்கிற வரியை அவளுக்குப் படித்துக் காட்டவா?

ஆண்டவர் உனக்குப் பொறுமை தரட்டும்.

லெசியேலி


மில்டூரா
ஏப்ரல் 27

அண்ணிக்கு,

சுகம். நீங்கள் சுகம் என்பதை மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

என்னோடு அறையில் இருக்கிற ஃபிஃபிதாவின் அம்மா நம் தெருவில்தான் இருக்கிறாள், மறந்துவிட்டீர்களா? "உங்க அண்ணி தாழை ஓலை கிழிச்சுச் சின்னதா ஒரு படுக்கைப் பாய் பின்னுது, ஓரத்துல செவப்புக் கம்பளி நூலு வெச்சு. கேட்டா, ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்குன்னு சொல்லுது" என்றாளாம். சின்னப் பாய். உங்கள் வீட்டில் அந்த அளவுக்கு யாரும் இல்லை. என் மகளுக்கு என் வீட்டில் ஏற்கெனவே பாய் இருக்கிறது.

இப்போது விளங்குகிறது. கண்ணும் இல்லை, நர்ஸும் இல்லை. அவள் காதிலிருந்து முதலில் என் குரலை எடுக்க வேண்டும். கண்ணிலிருந்து முகத்தை எடுக்க வேண்டும். வேலைக் காலம் முடிந்து நான் வந்து நின்றால் "இது யாரு அத்தை?" என்று அவள் கேட்க வேண்டும். அதன் பிறகு நீங்கள் ஊர் கூடியிருக்கும்போது எழுந்து, தம்பி மகளை என் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் யார் தடுப்பார்கள்? போன ஞாயிறு அவளைக் கல்லறை மேட்டுக்குக் கூட்டி வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் வரவில்லை. ஃபிஃபிதாவின் போனைப் பிடித்துக்கொண்டு நான் சதெகியின் முகத்தையும் கல்லறைச் சிலுவைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஆண்டவர் கொடுக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்? என் மடியிலிருந்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

கலோலைனே


மாதாலிகி
மே 12

கலோலைனேவுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம்.

தம்பி பிள்ளையை அத்தை கேட்டால் கொடுக்க வேண்டும். என் பாட்டன் காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். எனக்குத் திருட வேண்டிய தேவை இல்லை. ஒரு வாய்ச்சொல் போதும், நீயே பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைவாரிக் கொண்டுவந்து விட வேண்டியிருக்கும். அந்தச் சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வைக்காதே.

மேட்டுக்கு அவளைக் கூட்டி வராததற்குக் காரணம் என்னிடமே இருக்கட்டும். பாய் விஷயமும் என்னோடு இருக்கட்டும்.

எனக்கு ஆண்டவர் கொடுக்காததைப் பற்றி இனி ஒரு தரம் எழுதினால் உன் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன்.

லெசியேலி


மில்டூரா
ஜூன் 2

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

உங்களையும், அவரையும், என் கண்மணியையும் ஆண்டவர் காக்கிறார் என்று நம்பி மகிழ்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. திராட்சை முடிந்து இப்போது ஆரஞ்சுத் தோப்பில் போட்டிருக்கிறார்கள்.

போன கடிதத்தில் நான் எழுதியது எல்லை மீறிய பேச்சு. வேலை அலுப்பில் வாய் தவறிவிட்டது. நீங்கள் பெரியவர்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். டோகிலுபே உங்கள் கண்காணிப்பில் இருப்பது என் அதிர்ஷ்டம் என்று இப்போது புரிகிறது. டேப்லெட் பூட்டியே இருக்கட்டும்.

நம் ஊர் மனாசே, தன் சித்தப்பா சாவுக்காக அவசரமாக வருகிறான். அவனிடம் உங்களுக்குக் குளியல் சோப்பும், டின் மாட்டிறைச்சியும், ஒரு ஸ்வெட்டரும் அனுப்பியிருக்கிறேன். அவருக்குத் தனியாக ஒரு பெட்டி, வெறும் சோப்பும் பழைய சட்டைகளும்தான். அதைக் கொட்டகையிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

உங்கள் பாதத்தருகே இருக்கும்,
கலோலைனே


மாதாலிகி
ஜூலை 7

கலோலைனேவுக்கு,

பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள், பயப்படாதே. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதி உனக்குச் சுட வேண்டும் என்றுதான் எழுதப்போகிறேன்.

மனாசே கொண்டுவந்த பெட்டியில் சோப்புக்கு அடியில் என்ன வைத்து அனுப்பினாய் என்று உனக்கே தெரியும். சர்க்கரையாக எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏமாந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு சாயங்காலம் தேங்காய் எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனேன். தட்டிக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "தூங்கு கண்ணு. கண்ணை மூடு. விடிஞ்சதும் அம்மா வந்துடுவேன்." திரும்பத் திரும்ப அதுவே. தம்பி படுக்கிற இடம். நான் உள்ளே கால் வைக்கக் கூடாது, என் ஆயுசில் வைத்ததும் இல்லை. வெளியே நின்று, "சதெகி, அதை நிறுத்து" என்றேன். சத்தம் நின்றது. அவனுக்கு வெட்கம், வெளியே வரவில்லை. காலையில் போதகர் மனைவியை உள்ளே அனுப்பி நீ அனுப்பிய அந்தப் போனை வாங்கிவிடலாம் என்று திரும்பி வந்தேன்.

காலையில் பிள்ளை பாயில் இல்லை. கொட்டுகிற மழை. எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

நான் வந்த மறுநாள் விடியற்காலையிலும் அவளைப் பாயில் காணவில்லை. தேடிப் போனேன். கப்பல்துறை முனையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கவுனை மாட்டிக்கொண்டு, மரியாதைக்குக் கட்டுகிற இடுப்புப் பாயைத் தானே கோணலாகக் கட்டிக்கொண்டு.

"இங்க என்னடி பண்றே?"

"அம்மா வர்றாங்க அத்தை."

"யாரு சொன்னா?"

"அம்மாதான் சொன்னாங்க. விடிஞ்சதும் வருவாங்க."

கப்பல் வருவது வாரத்தில் ஒரு நாள். இவள் தினமும் போயிருக்கிறாள், நீ அந்தப் பலகையை அனுப்பியதிலிருந்து. சதெகி இருட்டோடு தோட்டத்துக்குப் போகிறவன், அவனுக்குத் தெரியாது. மீன் பிடிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளை வேடிக்கை பார்க்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பாளாம். பிறகு வீட்டுக்கு வந்து பலகையைக் கையில் எடுப்பாள். நாள் முழுக்க அதையே ஏன் பார்த்தாள் என்று நினைக்கிறாய்? நீ வந்து இறங்குகிற படம் எதிலாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறாள். நடுவில் முயல் வந்தால் முயலையும் பார்த்தாள். ஏன் தூங்கவில்லை தெரியுமா? அன்று என்னிடம் கேட்டாள், "அத்தை, நான் தூங்கும்போது அம்மா வந்துட்டுப் போயிட்டாங்களா?"

ஏப்ரலில்தான் அவள் துறைக்குப் போவதை நிறுத்தினாள். கல்லறை மேட்டில் உன் முகத்தைப் பார்த்த மறுநாள் காலையில் மட்டும் திரும்பவும் போவாள். அதனால்தான் மேட்டுக்கு அழைத்து வரவில்லை. சாப்பிட்டாள், விளையாடினாள், தூங்கினாள். நீ சோப்புக்கு அடியில் அதே பொய்யைத் திரும்ப அனுப்பினாய். மழையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சில் சளி கட்டிப் படகில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நர்ஸ் கண் என்றாள், நான் கண் என்று எழுதினேன். மற்றதை எழுதினால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், வீட்டுக்குக் கூரை வராது என்று வாயை மூடிக்கொண்டேன். இனி மூட மாட்டேன்.

கேட்கிறேன். டோகிலுபேயை எனக்குக் கொடு. அவளை நான் என் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்க்கிறேன். முறைப்படி கேட்டுவிட்டேன், நீ முறைப்படி பதில் எழுது.

லெசியேலி


மாதாலிகி
ஆகஸ்ட் 4

கலோலைனேவுக்கு,

தோத்திரம். பிள்ளை சுகம், இருமல் போய்விட்டது.

நாலு கப்பல் வந்து போய்விட்டது. உன் பதில் வரவில்லை. ஞாயிறுகளில் சதெகியோடும் பேசவில்லையாம். சண்டை போடத் தெரிந்தவளுக்குப் பதில் எழுதத் தெரியாதா? இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போதகரிடம் சொல்லிவிடுவேன்.

லெசியேலி


மில்டூரா
ஆகஸ்ட் 19

அண்ணிக்கு,

நான் சுகமாக இல்லை. எப்போதும்போல் சுகம் என்று எழுதி எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். ஆரஞ்சு மரத்து ஏணியில் நின்றபடி அழுதேன் என்று மேற்பார்வைக்காரன் என்னைத் தரை வேலைக்கு மாற்றிவிட்டான்.

தப்பு என்னுடையது. ஜனவரியில் அவள் தூங்கும்போது கிளம்பினேன். முழித்திருந்தால் காலைக் கட்டிக்கொள்வாள், கப்பல் ஏற முடியாது என்று பயம். நம் ஊரில் எல்லா அம்மாக்களும் இப்படித்தான் போகிறார்கள், நாளைக்கு வந்துவிடுவேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதைப் பதிவு செய்து கையில் கொடுத்துவிட்டேன். வாயால் சொன்ன பொய்யாக இருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். இது தினமும் புதிதாகச் சொன்னது. நீங்கள் என்ன திட்டினாலும் இதற்கு மேல் என்னைத் திட்ட முடியாது.

இப்போது உங்கள் பங்கு. கப்பல்துறையைப் பற்றி மார்ச் மாதமே உங்களுக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்தப் போனை அனுப்பியிருப்பேனா? கண் என்றீர்கள், பேச்சு என்றீர்கள், காரணம் என்னிடமே இருக்கட்டும் என்றீர்கள். கூரைக்காக மறைத்தீர்களாம். நான் தெரிந்து திருத்திக்கொண்டால் நீங்கள் பின்னிய பாய் வீணாகிவிடும், அதற்காக மறைத்தீர்கள். அந்தச் சாயங்காலம் கொட்டகைக்குள் ஒரு எட்டு வைத்துப் போனைப் பிடுங்கியிருக்கலாம். முறை தடுத்தது. என் பிள்ளை நனைந்தாள்.

கொடுக்க மாட்டேன். அத்தை கேட்டு மறுத்தவள் என்று ஊர் என்னைக் காறித் துப்பட்டும். சதெகியும் துப்பட்டும். கொடுக்க மாட்டேன்.

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். டோகிலுபேவுக்கு. படித்துக் காட்டுகிறேன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் படியுங்கள்.

கலோலைனே

*டோகி கண்ணு,*

*அம்மா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். விடிஞ்சதும் வருவேன்னு சொன்னது பொய். நாளைக்கு வர மாட்டேன். நாளன்னைக்கும் வர மாட்டேன். நீ தூங்கும்போது நான் வரவும் இல்ல, போகவும் இல்ல. நீ ஒண்ணும் தூங்கி என்னைத் தவறவிடல. நீ தூங்கு.*

*நான் ரொம்பத் தூரத்துல ஆரஞ்சு பறிக்கிறேன். இப்ப நம்ம கடல்ல திமிங்கலமெல்லாம் குட்டியோட வந்திருக்கும். குட்டி பெருசானதும் அதெல்லாம் கிளம்பிப் போயிடும். ஒண்ணுகூட இருக்காது. அதுக்கப்புறம்தான் நான் வருவேன். அதுவரைக்கும் வர மாட்டேன்.*

*நீ தூங்கும்போது சொல்லாம கிளம்பிப் போனதும் தப்புதான். அடுத்த தடவை எங்க போனாலும் நீ முழிச்சிருக்கும்போது, நீ அழுதாலும், சொல்லிட்டுத்தான் போவேன்.*

*அம்மா*


மாதாலிகி
செப்டம்பர் 10

கலோலைனேவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம் என்று வழக்கப்படி தொடங்குகிறேன், இந்த முறை மனதாரவும்தான். பிள்ளை சுகம். சதெகி சுகம். என் முட்டியை விடு.

உன் தனித்தாளை ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலு வயதுப் பிள்ளையிடம் "வர மாட்டேன்" என்று யாராவது எழுதுவார்களா? முதல் வரிகளை விட்டுவிட்டுத் திமிங்கலத்திலிருந்து தொடங்கலாமா என்று யோசித்தேன். பிறகு படித்தேன். ஒரு சொல் மாற்றவில்லை.

"நாளைக்கு வர மாட்டாங்களா?" என்றாள்.

"மாட்டாங்க."

"நாளன்னைக்கு?"

"அன்னைக்கும் மாட்டாங்க."

"அப்ப ஏன் வர்றேன்னு சொன்னாங்க?"

"பொய் சொல்லியிருக்காங்க. அவங்களே எழுதியிருக்காங்க பாரு."

பிறகு கையில் கிடைத்த செருப்பை எடுத்துச் சுவரில் அடித்தாள். அடுத்த செருப்பு. அப்புறம் என் விசிறி, தட்டு, உன் கல்யாணப் போட்டோ. "பொய்க்காரி! அம்மா பொய்க்காரி! அவ ஆரஞ்சு அழுகிப் போகட்டும்!" என்று அலறினாள். தெருவே கூடிவிட்டது. போதகர் மனைவி பேய் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். இத்தனை மாதமாக அழாதவள் அத்தனையையும் சேர்த்து வைத்து அழுதாள். சதெகி வாசலில் வந்து தவித்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன், அவன் உள்ளே வந்து தூக்கிக்கொண்டான். அவனையும் உதைத்தாள். சாயங்காலம் சேம்பிலையில் சுட்ட இறைச்சியைத் தன் பங்கையும் என் பங்கையும் தின்றாள். மறுநாள் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினாள். துறைக்குப் போகவில்லை. எழுந்ததும், "அந்தப் பொய்க்காரி லெட்டரைப் படிங்க அத்தை" என்றாள். தினமும் படிக்கிறேன். தினமும் கோபம் வருகிறது. செருப்பை மட்டும் இப்போது எறிவதில்லை.

இந்த ஆறு மாதத்தில் அவள் என்னிடம் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. உட்கார் என்றால் உட்கார்ந்தாள், தின்னு என்றால் தின்றாள். வேற்று வீட்டுக்கு விருந்துக்குப் போன பிள்ளை மாதிரி நடந்துகொண்டாள். என் வளர்ப்பின் அழகு என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அன்று அவள் உன்னைத் திட்டியதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. என்னை அவள் அப்படித் திட்டப்போவதே இல்லை.

பாயைப் போதகர் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீ மறுத்ததற்காக அல்ல. உன் மறுப்புக்கு நம் ஊரில் ஒரு மதிப்பும் கிடையாது. அவள் உன் பிள்ளை, அவ்வளவுதான்.

பாயை எண்ணித்தான் மறைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லை என்று சத்தியம் செய்ய முடியாததால் பதில் சொல்லாமல் விடுகிறேன். நீ வருகிற கப்பலிலேயே நான் ஏறிப் போய்விடுவேன், முகத்தில் விழிக்க வேண்டாம். பெட்டிச் சாவி போதகர் மனைவியிடம் இருக்கும். பலகையை எடுத்தால் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார். பலகையோடு அவளைத் தனியாக விடாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை, நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

லெசியேலி

பின்குறிப்பு: உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதையும் எழுதச் சொல்கிறாள். ஒரு சொல் மாற்றவில்லை. "அம்மா வந்தா நான் பேசவே மாட்டேன். மடியில உக்காந்துக்கிட்டே பேச மாட்டேன்."